தலைமைக் கடை ஷார்ஜா, கிளை கூத்தாநல்லூர்

"கடை எங்கம்மா இருக்கு?"

தொலைபேசியில் யாரோ ஒருவர் கேட்டதும் ஹபீபுன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். கடையைப் பற்றி இணையத்தில் போட்டு ஒரு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் ஆள் வந்துவிட்டது.

"கூத்தாநல்லூருங்க. ஆத்துப் பாலம் இறங்கினதும் ரைஸ்மில்லு. அதுக்கு எதுத்த சந்து."

"ஆறா? இங்க ஏதும்மா ஆறு? நான் ரோலாவுல நிக்கிறேன். உங்க கடை பக்கத்துலன்னு செல்லு காட்டுது."

"ரோலாவா? அது எந்தப் பக்கம்? திருவாரூர் போற வழியா?"

"ஷார்ஜாம்மா" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் வைத்துவிட்டார்.

நெய்ச்சோறு, தால்ச்சா, வட்டலப்பம் என்று வீட்டிலேயே சமைத்து, கேட்கிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள் ஹபீபுன்னிசா. அவள் கணவர் பக்கீர் முகம்மது ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஏசி ரூம், கையில் அழுக்கு படாத வேலை. ஊருக்கே தெரியும், அவளே சொல்லியிருக்கிறாள். போன பெருநாளைக்கு இமோ வீடியோவில் பேசும்போது அவர் ஒரு வார்த்தை விட்டார். "உனக்குப் பெரிய விருந்து ஆர்டரா நிலைச்சு வந்துச்சுன்னா நான் எதுக்கு இங்க கெடக்குறேன்? பொட்டியக் கட்டிட்டு வந்துடுவேன்."

அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. மகள் ஷிஃபாதான் ஊர் ஊராகக் கடை விவரம் காட்டும் அந்த இணையதளத்தில் பதியலாம் என்றாள். வீட்டுப் பெண்ணின் செல் நம்பரை ஊருக்கெல்லாம் காட்ட முடியுமா? அதனால் உரிமையாளர் பெயர் அவருடையது, செல் நம்பரும் அவருடையது, ஆர்டருக்கு மட்டும் வீட்டு லேண்ட்லைன். ரகசிய எண் அவர் செல்லுக்குப் போனது. கூடவே, 'நீங்கள் இப்போது இருக்கும் இடம்தான் கடையா?' என்று ஒரு கேள்வியும் போனது.

"ஏன்த்தா ஆமான்னு அமுக்குனீங்க?" என்று தகப்பனாரிடம் இமோவில் கேட்டாள் ஷிஃபா.

"நான் வேலையா இருந்தேம்மா. கேட்டுச்சு, ஆமான்னேன்."

"மாத்திடலாம்த்தா. இன்னொரு நம்பர் வரும். உடனே சொல்லுங்க."

எண் வரும்போதெல்லாம் அவர் டியூட்டியில் இருந்தார். அவர் பார்ப்பதற்குள் எண் காலாவதியாகிவிடும். ஒரு தடவை மட்டும் சரியாகப் பார்த்தார். பார்த்த அவசரத்தில் வேறு எதையோ அமுக்கினார். 'இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும்' என்று வந்துவிட்டது. அப்புறம் விடியற்காலை பஜ்ர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன்பே லேண்ட்லைன் அடிக்கத் தொடங்கியது. ஷிப்டு முடித்த யாரோ ஒருவர் ஷார்ஜாவிலிருந்து ஆட்டுக்கால் பாயா இருக்கிறதா என்று கேட்பார். இல்லை என்று சொல்ல அவளுக்கே பாவமாக இருக்கும்.

இணையதளக் கம்பெனிக்குப் பேசினார்கள். சென்னையிலிருந்து ஒரு பெண், "அதை எடுக்க வேணாம் மேடம். கூத்தாநல்லூர்னு புதுசா ஒண்ணு போட்டுடுங்க" என்றாள். ஷிஃபா போட்டாள். ஒரே பெயர், ஒரே செல் நம்பர். கம்ப்யூட்டர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. தலைமைக் கடை ஷார்ஜா, கிளை கூத்தாநல்லூர்.

மாவு மில்லில், மச்சி முறையாகும் அதே தெரு ரஹ்மத் பீவி பிடித்துக்கொண்டாள். "என்னா மச்சி, அரபு நாட்டுல கடையப் போட்டுட்டு இன்னும் எங்ககூட வரிசையில நிக்கிறே?"

"அட, கடையுமில்ல ஒண்ணுமில்ல மச்சி. நெட்டுல தப்பா விழுந்துடுச்சு."

"சரி சரி. கண்ணு படும்னு பயப்படுற. நான் யார்கிட்டயும் சொல்லல."

சாயங்கால அசர் தொழுகைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

இது போதாதென்று ஷார்ஜா கடைக்கு நட்சத்திரங்கள் விழ ஆரம்பித்தன. 'நெய்ச்சோறு பிரமாதம்.' 'தால்ச்சா நம்ம ஊர் ருசி.' 'பிரியாணிக்காக வெள்ளிக்கிழமை எப்ப வரும்னு இருக்கு.' ஹபீபுன்னிசா கணவரிடம் முறையிட்டாள். ஆக்காத சோற்றுக்கு யார் இப்படிப் புகழ்கிறார்கள்? மறுமையில் இதற்கு யார் பதில் சொல்வது?

"நெட்டுல சாப்புடாதவனும் எழுதுவான். விட்டுத் தள்ளு" என்றார் பக்கீர் முகம்மது. சொல்லிவிட்டு அவசரமாக இமோவை அணைத்தார்.

அந்த நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் மன்னார்குடி பக்கத்திலிருந்து தங்கையன் பேசினார். மகள் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக் கறி விருந்து. ஐந்நூறு பேருக்குப் பிரியாணி.

ஹபீபுன்னிசா சந்தோஷத்தில் சரி என்றுவிட்டாள். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஐம்பது பேருக்கு மேல் அவள் ஆக்கியதில்லை. அண்டா வைத்து ஆக்க ஒரு பண்டாரி வேண்டும். கல்யாண மாதத்தில் எந்தப் பண்டாரி சும்மா இருக்கிறான்? நாகூர் வரைக்கும் பேசிப் பார்த்தாள். ஒருவரும் சிக்கவில்லை.

அந்த வாரம் பக்கீர் முகம்மது லீவில் வந்திருந்தார். வந்தவர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"நல்ல பண்டாரியாப் பாரு. தம்மு தெரியணும்" என்றார், பேப்பரைப் பார்த்தபடியே.

"தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்களேன்."

"சமையக்காரன்லாம் எனக்கு எப்படிப் பழக்கம்? நான் இருக்கிறது ஸ்டோர்ல. அந்தத் தண்ணிய எடு."

கொண்டுபோய் வைத்தாள். இந்த ஆர்டர் போனால் இவர் திரும்ப விமானம் ஏறிவிடுவார் என்பதுதான் அவளுக்கு உறுத்தியது. ஆனாலும் அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் பொய்யை வைத்துப் பந்தி போட அவளுக்கு மனசு வரவில்லை.

மறுநாள் என்னென்ன பதார்த்தம் என்று பேச தங்கையன் வந்து உட்கார்ந்தார். கதவோரம் நின்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். "அண்ணே, என்னை மன்னிச்சுடுங்க. ஷார்ஜாவுல எங்களுக்குக் கடையே கிடையாது. எடத்தத் தப்பாப் போட்டுட்டோம். அதுல எழுதியிருக்கிறதெல்லாம் பொய்யி. ஐந்நூறு பேருக்கு ஆக்க என்கிட்ட ஆளும் இல்ல. வேற எடம் பாருங்க."

தங்கையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னம்மா இப்புடிச் சொல்றே? இங்கதான் சொல்லணும்னு எம்மவன் ஒத்தக்கால்ல நிக்கிறான். தங்கச்சி கல்யாணத்துக்குன்னு வெளிநாட்டுலேருந்து வந்திருக்கான். இந்தா, அவனே வர்றான்."

பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான் நெடுஞ்செழியன். பக்கீர் முகம்மது பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கினார்.

"பொய்யிங்கிறாங்கடா தம்பி. எடமே தப்பாம்" என்றார் தங்கையன்.

நெடுஞ்செழியன் குனிந்து, பேப்பருக்குக் கீழே தெரிந்த கால்களைப் பார்த்தான். பிறகு பக்கவாட்டில் எட்டிப் பார்த்தான். அவன் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

"எடம் சரிதாங்கக்கா. அங்கதான் எங்க லேபர் கேம்ப் மெஸ்ஸு. மூணு வருசமா இந்தப் பாய் ஆக்கிப் போடுற பிரியாணியத்தானே நான் தின்னுக்கிட்டிருக்கேன்!"

ஹபீபுன்னிசா கணவரைப் பார்த்தாள். பக்கீர் முகம்மது பேப்பரை மடித்து நாற்காலியில் வைத்தார். எழுந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போனார்.