கிவ் ஐயா அடிக்கச் சொன்ன சொல்

ஆங்கிலத்தில் ‘கிவ்’ என்ற வினைச்சொல்லை அவ்வளவு மட்டமாக மதித்த மனிதர் நீலகிரி முழுக்கத் தேடினாலும் அவர் ஒருவர்தான். அதனாலேயே அவருக்குப் பெயர் கிவ் ஐயா. சேரம்பாடிப் பக்கம் ஒரு டீ எஸ்டேட் ஆபீசில் அவர் ஹெட்கிளார்க், நான் டைப்பிஸ்ட்.

மேனேஜரை அங்கே துரை என்போம். முதல் நாளே, துரை லீவு ‘கிவ்’ பண்ண வேண்டும் என்று ஒரு தொழிலாளியின் மனுவை அடித்து நீட்டினேன். ஐயா அதைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்தார்.

“ஏனுங்க தம்பி, லீவுன்னா ‘கிராண்ட்’. பரிசுன்னா ‘பிரசென்ட்’. நோட்டீஸ்னா ‘சர்வ்’. மருந்துன்னா ‘அட்மினிஸ்டர்’. எல்லாத்துக்கும் ஒரே சொல்லு போதும்னா, இங்கிலீசுக்காரன் எதுக்குங்க இத்தனை செஞ்சு வெச்சிருக்கான்?”

‘கிராண்ட்’ போட்டு மறுபடி அடித்தேன். மழையில் பாக்டரிக் கொட்டகை சரிந்தபோது அறிக்கையில், ‘கிவ்’வின் இறந்தகாலத்தை வைத்து, ‘கேவ் வே’ என்று அடித்தேன். கொட்டகையைப் பார்த்துக் கலங்காதவர், அதைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். “தம்பி, ‘கொலாப்ஸ்’னு போடுங்க!”

அவர் கடிதம் போனால் துரையே கதவைச் சாத்திக்கொண்டு அகராதி புரட்டுவார் என்று பங்களா சமையல்காரர் சத்தியம் செய்வார். நான் நம்பினேன்.

அப்போதுதான் ராக்காயி வந்தாள். சிலோனிலிருந்து திரும்பியவள், கொழுந்து பறிப்பவள். புருஷன் செத்துப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கட்டிய லயத்து வீடு அவன் பெயரில் இருந்ததால் சனிக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மனு இங்கிலீஷில் போனால்தான் துரை பார்ப்பார்.

செவ்வாயன்று ஐயா மனு எழுத உட்கார்ந்தார். வீட்டைக் ‘கொடுங்கள்’ என்பதற்குத்தான் சொல் அமையவில்லை. ‘அலாட்’ என்றார், அது புது வீட்டுக்கு என்று கோடு போட்டு நீக்கினார். ‘கிராண்ட்’ மிடுக்காக இருந்ததாம். ‘பெஸ்டோ’ என்றால் அருளுவதாம், கோயில் கல்வெட்டு மாதிரி இருந்ததாம். புதன் போயிற்று, வியாழனும் போயிற்று. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை மாலை ராக்காயி ஆபீஸ் வாசலில் நின்று அழுதாள்.

ஐயா பேனாவை மூடினார். “ஏம்மா, துரை முன்னால நின்னா நீங்க என்னன்னு கேப்பீங்க?”

“என்னாத்த கேக்குறது ஐயா? எனக்குப் போக வேற எடமில்ல. அந்த லயத்து வீட்ட எனக்கே குடுங்க தொரைன்னு கேப்பேன்.”

ஐயா எழுதி வைத்திருந்த தாள்களை ஒதுக்கினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “தம்பி, ‘ப்ளீஸ் கிவ்’னு அடிங்க” என்றார். அப்படியே அடித்தேன்.

மறுநாள் காலை துரை மனுவோடு ஆபீசுக்கே வந்துவிட்டார். “இது நீங்க எழுதினதா?” என்று கேட்டார். “அந்தம்மா சொன்னதுங்க” என்றார் ஐயா. துரை இன்னொரு முறை படித்துவிட்டு, நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை நான் அடித்த ‘கிவ்’வை ஐயா வழக்கம்போலக் கிழித்தார். அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை. அந்தக் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றியது.