சம்பந்தி முன்னால் கழற்றிய சப்பாத்து

எல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைக்கிற மனுஷியை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உள்ளூரில் உளறினால் அக்கம்பக்கத்தோடு போய்விடும். வெளியூரில் உளறினால், "இவர்கள் இனத்து வழக்கமே இதுதான் போல" என்று நாலு பேர் நம்பிவிடுவார்கள். அனுபவத்தில் சொல்கிறேன். அந்த மனுஷி நான்தான்.

ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வெகுகாலம் லைன் லீடராக இருந்தவள் நான். எனக்குக் கீழே இருந்த பெண்களுக்கு எப்படி நிற்பது, எப்படி முடியைக் கட்டுவது, எப்படித் தும்முவது என்பதுவரை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். (தும்மல் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை என்று ஒருத்தி சொன்னாள். அவளை வேறு லைனுக்கு மாற்றிவிட்டேன்.) வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என் அதிகாரத்துக்கு மிச்சமிருந்தது ஒரே ஓர் ஆள், என் வீட்டுக்காரர் குணா. லோரி ஓட்டியவர், அதிகம் பேசமாட்டார். பேசவும் நான் விட்டதில்லை.

எங்கள் மகள் யாழினி மிலானில் வேலைக்குப் போன இடத்தில் மார்க்கோ என்ற நேப்பிள்ஸ் பையனைப் பிடித்துக்கொண்டாள். பையன் தங்கம், குறை சொல்ல ஒன்றுமில்லை. (தேடிப் பார்த்தேன்.) எனக்கு இருந்தது ஒரே ஆசை. தாலி ஈப்போவில், எங்கள் கோயிலில் கட்ட வேண்டும். மார்க்கோவின் அம்மா கார்லாவுக்கும் ஒரே ஆசைதான். கல்யாணம் நேப்பிள்ஸில், அவர்கள் மாதா கோயிலில் நடக்க வேண்டும். மார்க்கோவுக்கு அப்பா இல்லை. அதனால் கார்லாவின் அண்ணன் சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டம். இதைப் பேசி முடிக்கத்தான் சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆகஸ்டில் நானும் என் வீட்டுக்காரரும் நேப்பிள்ஸ் போய் இறங்கினோம்.

மதியம் அண்ணன் வீட்டில் விருந்து, அங்கேதான் முடிவு. காலைப் பொழுதில் ஊர் பார்க்க, வழிகாட்டியோடு நடந்து சுற்றும் ஒரு குழுவில் கார்லா எங்களுக்கு இடம் எடுத்திருந்தார். தானும் கூட வருவதாகச் சொன்னார். யாழினியும் மார்க்கோவும் விருந்து வேலைக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். போகும்முன் யாழினி என்னை ஓரமாக இழுத்தாள்.

"மா, இன்னிக்கி ஒரு நாள் சும்மா இருங்க லா. கார்லா ஆன்ட்டி என்னா செய்றாங்களோ அதையே செய்ங்க. மார்க்கோவோட மாமாவுக்கு நம்மள புடிக்கலன்னா ஈப்போ கல்யாணம் ஹாபிஸ், அவ்ளோதான்."

"எனக்கே சொல்லித் தர்றியா? எத்தன பேர மேய்ச்சவ நான் தெரியுமா?"

"அதான் மா பயமா இருக்கு."

வழிகாட்டி சில்வியா என்ற பெண். மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் இங்கிலீஷில் பேசுவதைக் கேட்க எங்கள் காதில் ஆளுக்கொரு கருவியை மாட்டிவிட்டாள். அவள் பாட்டுக்கு ராஜாக்கள் கதை சொன்னாள், நான் பாட்டுக்கு என் வீட்டுக்காரருக்கு ஈப்போ கதை சொன்னேன். குறுகலான சந்துகளில் இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்கும் கயிறு கட்டித் துணி காயப் போட்டிருந்தார்கள். "நம்ம பழைய டவுன்ல இல்லாததா?" என்றேன். கடலுக்கு அந்தப் பக்கம் பெரிய மலையைக் காட்டினாள். "மலைக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? ஈப்போவச் சுத்தி மலைதானே?"

"அது நெருப்பு கக்குற மலை, சாந்தி."

"கக்கட்டும்."

கார்லா என் பக்கத்தில் உயரமாக, அழகாக, சிவப்புக் குதிகால் சப்பாத்து டக் டக் என்று ஒலிக்க நடந்து வந்தார். அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான். எனக்கு நிறைய வரும், ஆனால் ஈப்போவுக்கு வெளியே யாருக்கும் அது புரிவதில்லை. ஆகவே இருவரும் சிரித்துக்கொண்டே ஒருவரை ஒருவர் எடைபோட்டபடி நடந்தோம். சம்பந்திகளுக்கு அதற்கு மொழி வேண்டியதில்லை.

மேட்டின் மேலிருந்த மாதா கோயிலுக்கு வந்து சேர்ந்தோம். அன்றைக்கு மாதா திருநாள், ஊரே விடுமுறை. வாசலுக்குப் பக்கத்தில் பெரிய அட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. பெட்டிக்குள்ளும் பக்கத்திலும் ஜோடி ஜோடியாகச் சப்பாத்துகள். மேலே ஒரு பலகையில் அவர்கள் மொழியில் ஏதோ எழுதியிருந்தது. படிக்கத் தெரியாவிட்டால் என்ன? கோயில் வாசலில், சப்பாத்துகளுக்கு மேலே பலகை இருந்தால் அதில் வேறு என்ன எழுதியிருக்கும்? 'இங்கே கழற்றவும்.' நான் மனசுக்குள் மொழிபெயர்த்து முடித்தேன்.

"கழட்டுங்க," என்றேன் அவரிடம்.

"யாரும் கழட்டல சாந்தி. எல்லாம் அப்படியேதான் உள்ள போறாங்க."

"அவங்களுக்கு மரியாத தெரியல. நமக்குத் தெரியும்ல? பாகான் டத்தோவுல எங்க சித்தி இருந்த எஸ்டேட்டு மாதா கோயில்ல யாராச்சும் சப்பாத்தோட உள்ள போவாங்களா? கழட்டுங்க லா."

கழற்றினார். என்னுடையது யாழினி மிலானில் வாங்கித் தந்த புதுத் தோல் சப்பாத்து. இரண்டு ஜோடியையும் துடைத்து, பெட்டியை ஒட்டி அழகாக வரிசைப்படுத்தி வைத்தேன். தொழிற்சாலைப் பழக்கம்.

அப்போதுதான் கார்லா படியேறி வந்தார். எங்கள் கால்களைப் பார்த்தார். சப்பாத்துகளைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு மெதுவாகக் குனிந்து, தன் சிவப்புச் சப்பாத்துகளைக் கழற்றி என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தார்.

"பாத்தீங்களா? உள்ளூர்க்காரியே கழட்டுறா," என்று நான் வீட்டுக்காரர் விலாவில் இடித்தேன்.

உள்ளே பளிங்குத் தரை ஜில்லென்று இருந்தது. கார்லா ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்தியான குடும்பம்தான் என்று திருப்திப்பட்டேன். வெளியே வந்தால் பெட்டியைக் காணவில்லை, சப்பாத்துகளையும் காணவில்லை. சரிவில் ஒரு வேன் போய்க்கொண்டிருந்தது, அதன் பின்கதவில் அந்த அட்டைப் பெட்டி தெரிந்தது.

"அடேய், நில்லுடா! என் சப்பாத்த தூக்கிட்டுப் போறான் லா!" என்று இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக் கத்தினேன். நல்லவேளை, தமிழில் கத்தினேன்.

சில்வியா ஓடி வந்து கனிவாகச் சொன்னாள். "மேடம், கவலை வேண்டாம், பத்திரமாகப் போய்ச் சேரும். திருநாளன்று ஏழைகளுக்குச் சப்பாத்து கொடுப்பது இந்தக் கோயில் ஏற்பாடு. பலகையில் எழுதியிருக்கிறதே."

வேனை நிறுத்தச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கார்லா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அழுதுகொண்டே கடகடவென்று பேசினார். சில்வியாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மொழிபெயர்த்தாள்.

"இவர் சொல்கிறார், வீட்டில் வேண்டாமென்று கிடக்கும் பழையதைத்தான் நாங்கள் எல்லாரும் இங்கே கொண்டுவந்து போடுவோம். காலில் போட்டிருக்கும் புதுசை அப்படியே கழற்றிக் கொடுத்தவரை இவர் பார்த்ததே இல்லையாம். வெட்கமாகிவிட்டதாம். அதனால்தான் இவரும் கொடுத்தாராம். இன்றைய விருந்துக்கென்று வாங்கிய சப்பாத்து அது. கொடுத்த பிறகு நீங்கள் வானத்தைப் பார்த்து மந்திரம் சொன்னீர்களே, அதில் இவருக்கு உடம்பே சிலிர்த்துவிட்டதாம். திருநாளில் சப்பாத்தைத் தானம் செய்வது உங்கள் வழக்கமா என்று கேட்கிறார்."

குழு மொத்தமும் என்னைப் பார்த்தது. உண்மையைச் சொன்னால் நான் முட்டாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கார்லாவும் அந்தக் கூட்டத்தின் நடுவே முட்டாளாகி, வெறுங்காலோடு, புதுச் சப்பாத்தும் இல்லாமல் நிற்பார். அப்புறம் ஈப்போவாவது, தாலியாவது. கோயிலில் செருப்புத் தொலைந்தால் பிடித்த சனி விட்டது என்று நம்மவர்கள் சொல்வதுண்டே, அதைக் கொஞ்சம் நீட்டினால் பொய்யே இல்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

"யெஸ்," என்றேன். "எங்க சம்பிரதாயம்."

குழு கை தட்டியது. ஒரு ஜெர்மன்காரர் என் பாதங்களைப் படம் எடுத்தார். அவர் (என் அவரைச் சொல்கிறேன்) கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் சுற்றுலாவின் மிச்சப் பாதி. நேப்பிள்ஸ் தெருக்களில் பாவியிருப்பது கருங்கல், காய்வது ஆகஸ்டு வெயில். திருநாள் என்பதால் கடை எல்லாம் பூட்டு. திறந்திருந்த ஒரே கடையில் எலுமிச்சம்பழம் வரைந்த தட்டுதான் இருந்தது. சந்துகளுக்குள் டாக்சியும் நுழையாது. தானம் செய்தவள் முகம் சுளிக்கலாமா? மகான் மாதிரி புன்னகைத்துக்கொண்டே நடந்தேன். உள்ளங்கால் தோசைக்கல்லில் கிடந்தது. பக்கத்தில் கார்லாவும் அதே புன்னகையோடு வந்தார். நான் நிழலுக்கு ஒதுங்குவேனா என்று அவர் பார்த்தார், அவர் ஒதுங்கட்டும் என்று நான் பார்த்தேன். இருவரும் ஒதுங்கவில்லை. ஒரு முனையில் நான் கைப்பையைத் திறந்ததும் கார்லா ஆசையாக எட்டிப் பார்த்தார். மாற்றுச் சப்பாத்து இல்லாமலா இவள் தானம் செய்திருப்பாள் என்று நினைத்திருக்கிறார், பாவம். நான் எடுத்தது நெத்திலி சம்பல் பாட்டில். அதற்கு அடியில்தான் டிஷ்யூ இருந்தது.

காலுறையைக் கழற்றாமல் வைத்திருந்த ஒரே புத்திசாலி என் வீட்டுக்காரர்தான். மெதுவாக என் காதருகே வந்தார்.

"தைப்பூசத்துக்கே கால் சுடுதுன்னு தண்ணிப் பந்தல்ல போயி உக்காந்தவ நீ."

"வாய மூடிட்டு வாங்க."

"நான் எங்க தொறந்தேன்? நீதான் சம்பிரதாயம் பேசுற."

அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தபோது அந்தக் குடும்பமே எழுந்து எங்கள் கரிபிடித்த கால்களைப் பார்த்தது. கார்லா நடுக்கூடத்தில் நின்று நடந்ததைச் சொன்னார். ஒரு வார்த்தையும் எனக்குப் புரியவில்லை, ஆனால் கழற்றியதையும் வரிசையாக வைத்ததையும் வானத்துக்குக் கை தூக்கியதையும் நடித்தே காட்டினார். அண்ணன், பெரிய மீசைக்காரர், முன்னால் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கனத்த குரலில் ஏதோ சொன்னார். யாழினி என்னை முறைத்தபடியே தமிழில் சொன்னாள்.

"இந்த மாதிரி மனுஷங்க கும்புடுற கோயில்லதான் கல்யாணம் நடக்கணுமாம். எல்லாரும் ஈப்போவுக்கு வாராங்களாம்."

அடுத்த நிமிஷம் என்னைக் கழிவறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"எந்தச் சம்பிரதாயம் மா?"

சொன்னேன். சுவரில் சாய்ந்து சிரித்தாள், அப்புறம் அழுதாள், மறுபடி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மீசைக்காரர் கையைப் பிடித்தபோது எனக்கு நிஜமாகவே அவமானமாக இருந்தது. "போயி உண்மைய சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன்.

"இப்ப சொன்னா உங்களுக்கு மனசு லேசாயிரும். கார்லா ஆன்ட்டிக்கு? அவங்க நெஜமாத்தானே குடுத்தாங்க? பேசாம வந்து சாப்பிடுங்க."

போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கல்யாணம் ஈப்போவில் ஜாம் ஜாம் என்று நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். எல்லார் காலிலும் பளபளவென்று புதுச் சப்பாத்து. கோயில் வாசலில் கழற்றி, துடைத்து, வரிசையாக வைத்தார்கள். தாலி கட்டி முடிந்ததும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கையை வானத்துக்குத் தூக்கிவிட்டு, வெறுங்காலோடு வேனில் ஏறினார்கள். அண்ணன்காரர் மட்டும் ஏழைகளின் வேன் எப்போது வரும் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் நண்பரின் லோரியில் எல்லாவற்றையும் ஏற்றி, பத்து காஜா ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே தாத்தாக்கள் கொஞ்ச நாள் இத்தாலித் தோல் சப்பாத்தில்தான் காலாற நடந்தார்கள்.

அதோடு முடிந்திருக்கும். வெள்ளைக்காரர்கள் விட்டுப் போனதை என் அண்ணி பார்த்துவிட்டார். "அவங்களே குடுக்கிறப்ப நம்ம சும்மா போனா நல்லாவா இருக்கு?" என்று தன்னுடையதையும் விட்டுவிட்டுப் போனார். அவரைப் பார்த்து அவர் தங்கச்சி. அடுத்து நடந்த என் அண்ணன் மகன் கல்யாணத்தில் வாசலிலேயே பெட்டி வைத்துவிட்டார்கள். இது நம் பாட்டன் கப்பலில் கொண்டுவந்த வழக்கம் என்று என் அண்ணனே ஒருவரிடம் விளக்கிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன்.

போன மாதம் பாகான் டத்தோவில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். யாழினி அனுப்பிய புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, பெட்டியைக் கண்டும் காணாததுபோல் ஓரமாக நுழையப் பார்த்தேன். வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த அக்கா, முன்பின் தெரியாதவர், என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"என்னா தங்கச்சி, பாத்தா வெவரமானவங்களா இருக்கீங்க, நம்ம சம்பிரதாயம் தெரியாதா? சப்பாத்த பெட்டியில போடுங்க. போட்டுட்டு ரெண்டு கையையும் மேல தூக்கணும்."

போட்டேன். தூக்கினேன். எனக்குப் பின்னால் நின்ற என் வீட்டுக்காரர், இப்போதெல்லாம் எந்தக் கல்யாணத்துக்கும் போட்டுவரும் தேய்ந்த ரப்பர் ஜப்பான் சிலிப்பரை நிதானமாகக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, எனக்கும் முன்னால் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விட்டார்.