கேட்டு வாங்கக் கூடாத பதக்கம்

"அந்தப் பதக்கத்தை நாமளாவே கேட்டு வாங்கிக்கக் கூடாதா?" என்று மேக்சின் ஒருமுறை கேட்டிருந்தாள், முட்டை உரித்துக்கொண்டே.

"நல்லா இருக்கே! கேட்டு வாங்கினா அது பதக்கமா, பலசரக்கா? இன்னொரு உறுப்பினர் முன்மொழியணும். அதான் நம்ம சங்கத்து மரியாதை" என்றார் அவள் கணவர் ராய்ஸ்.

"யாருமே முன்மொழியலைன்னா?"

"அப்போ சொல்லிக்கிற மாதிரி அவங்க ஒண்ணும் செய்யலைன்னு அர்த்தம்."

"ஓ" என்று சொல்லிவிட்டு மேக்சின் அடுத்த முட்டையை எடுத்தாள்.

கணவருக்கு இன்னும் பதக்கம் வரவில்லையே என்று மனைவி கவலைப்படுவதாக நினைத்து ராய்ஸுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மறுநாளே நண்பர் கிரேடியைப் போய்ப் பார்த்தார். இவர் கிரேடியை முன்மொழிந்தார். கிரேடி இவரை முன்மொழிந்தார். இருவர் மார்பிலும் பதக்கம் ஏறியது.

அதெல்லாம் பழைய கதை. இப்போது ராய்ஸ்தான் பதக்கக் குழுத் தலைவர். அமெரிக்காவின் சுதந்திரப் போரில் சண்டையிட்டவர்களின் வாரிசுகள் சேர்ந்து நடத்தும் சங்கம் அது. வட கரோலினாவின் அந்தச் சின்ன ஊரில், மூதாதையை நிரூபித்தால்தான் உள்ளேயே விடுவார்கள். ராய்ஸின் மூதாதை படைக்குதிரைகளுக்கு லாடம் அடித்தவர். மேக்சினின் மூதாதை முரசு கொட்டியவர். உறுப்பினர்களில் தாங்களும் ராணுவத்தில் இருந்தவர்களுக்கு, வருடாவருடம் நவம்பரில் வீரர் தினத்தன்று பதக்கம் குத்துவார்கள்.

இன்று அந்த நாள். இந்த வருடப் பதக்கம் முதியவர் ஹோபர்ட்டுக்கு. காலையில் அதன் நீலப் பெட்டியைத் திறந்தால், உள்ளே வெல்வெட் பள்ளம் மட்டும் இருந்தது.

"மேக்சின்! பதக்கத்தைப் பாத்தியா?"

படுக்கையறையிலிருந்து பதில் வரச் சற்று நேரமாயிற்று. "ராய்ஸ், அது வந்து..."

"காணோம்! ஹோபர்ட் யாருன்னு நினைச்சே? கொரியாப் போர்ல பனியில கால் விரலைத் தொலைச்ச மனுஷன்! அவர் பொண்ணு ஒஹாயோவுலேருந்து வந்திருக்கா. நான் என்ன வெறும் பெட்டியையா குத்தி விடறது?"

"ஒரு நிமிஷம் நில்லு. நான் சொல்றதை..."

"நிக்க நேரமில்ல, கண்ணு!"

ராய்ஸ் தன் கோட்டிலிருந்த பதக்கத்தையே கழற்றினார். அவசரத்தில் ஊசி விரலில் ஏறியது. மேக்சின் வந்து விரலை அழுத்திப் பிடித்து, கண்மூடித் திறப்பதற்குள் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். வியட்நாம் போரில் கூடார மருத்துவமனையில் நர்ஸ் லெப்டினன்டாக இருந்த கை அது. ராய்ஸ் அப்போது கான்சாஸ் ராணுவ முகாமில் டைப்பிஸ்ட். போரிலிருந்து திரும்பியவளின் ராணுவ விடுவிப்புத் தாளை அடித்துக் கொடுத்ததில்தான் அறிமுகம், காதல், கல்யாணம் எல்லாம். 'ஒரு பிழையில்லாம அடிச்சேன்' என்று இன்றும் பெருமை பேசுவார்.

பிளாஸ்திரியைப் பார்த்ததும் அவருக்குப் பளிச்சென்று ஒரு யோசனை. பதக்கத்தின் பின்பக்கம் சொந்தச் செலவில் பெரிதாகத் தன் பெயரைப் பொறித்து வைத்திருந்தார். இன்னொரு பிளாஸ்திரியை எடுத்து அதன் மேல் ஒட்டினார்.

"பதக்கத்துக்குக் காயமா?" என்றாள் மேக்சின்.

"கிண்டல் பண்ணாதே! என் மார்பு இப்போ மொட்டையா இருக்கு. பெர்னிஸ் பாத்தா தொலைச்சுடுவா."

பெர்னிஸ் சங்கத் தலைவி. பதக்கக் குழுத் தலைவர் பதக்கமில்லாமல் மேடையேறக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். ராய்ஸ் இழுப்பறையைக் கொட்டிக் கவிழ்த்தார். சங்கப் பதக்கத்தின் அதே நீல வெள்ளை நாடாவில் ஒரு பதக்கம் கிடைத்தது. கிராமக் கண்காட்சியில் அவர் வளர்த்த பெண் பன்றி வாங்கிய மூன்றாம் பரிசு. நடுவில் கொழுகொழுவென்று பன்றி நின்றது.

"தூரத்துலேருந்து பாத்தா நம்ம பதக்கத்துக் கழுகு மாதிரிதான் இருக்கு" என்றார்.

"எந்தக் கழுகுக்கு வால் சுருண்டிருக்கு?" என்று மேக்சின் கேட்பதற்குள் அவர் காரில் ஏறிவிட்டார். பாதி வழியில் அவள் மறுபடி வாயைத் திறந்தாள். "பேசாதே, என் உரை மறந்துடும்" என்றார்.

சங்கக் கூடத்தில் ஹாம் பிஸ்கட், பீக்கன் கொட்டை இனிப்பு, நாற்காலி நிறைய ஜனம். பெர்னிஸ் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ராய்ஸின் மார்பை நோக்கி வந்தாள். ராய்ஸ் சட்டென்று வலது கையை நெஞ்சின் மேல் வைத்துப் பன்றியை மறைத்தார்.

அதுதான் தப்பாகப் போயிற்று. அவர் நெஞ்சில் கை வைத்ததைப் பார்த்து, கொடி வணக்கம் என்று நினைத்து முன்வரிசை எழுந்து கை வைத்தது. பின்வரிசையும் எழுந்தது. பியானோக்கார அம்மாள் வாயிலிருந்த இனிப்பை அவசரமாக விழுங்கிவிட்டு தேசிய கீதத்தை ஆரம்பித்தாள். எல்லோரும் பாடி முடித்து உட்கார்ந்தார்கள்.

ராய்ஸ் கையை எடுக்கவில்லை. எல்லோரும் தயங்கித் தயங்கி மறுபடி எழுந்தார்கள். சக்கர நாற்காலியிலிருந்து ஹோபர்ட்டும் எழ முயன்றார்.

"அப்பா, உக்காருங்க!" என்றாள் மகள்.

"கொடி வணக்கம் நடக்கும்போது உக்காரச் சொல்றியா?"

"என்ன ராய்ஸ், நெஞ்சு வலியா?" என்று பெர்னிஸ் பல்லைக் கடித்தாள்.

"தேசபக்தி" என்றார் ராய்ஸ் பரிதாபமாக.

ஒற்றைக் கையாலேயே உரையைப் படித்து, ஒற்றைக் கையாலேயே பெட்டியை நீட்டினார். ஹோபர்ட் பதக்கத்தை எடுத்து ஆசையோடு திருப்பிப் பார்த்தார். பிளாஸ்திரியை நகத்தால் உரித்தார்.

"ராய்ஸ் டில்லர்ட்" என்று உரக்கப் படித்தார். "யாருடா அவன்?"

ராய்ஸின் கை தானாகக் கீழே இறங்கியது. பன்றி எல்லோருக்கும் தரிசனம் தந்தது.

"உங்க பதக்கத்தைத் தொலைச்சுட்டேன், ஹோபர்ட். மன்னிச்சுக்குங்க" என்றார்.

"தொலையல."

காப்பி மேஜைக்குப் பின்னாலிருந்து மேக்சின் வந்தாள். ஏப்ரன் பையிலிருந்து நீல வெள்ளை நாடாவோடு பதக்கத்தை எடுத்தாள். ஹோபர்ட்டின் முன் குனிந்து, ஊசி உடம்பில் படாமல், கோணாமல் குத்திவிட்டாள்.

"காலையில கண்ணாடி முன்னாடி ஒரு நிமிஷம் என் மேல வச்சுப் பாத்தேன்" என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல். "திருப்பி வைக்கறதுக்குள்ள இவரு பெட்டியைத் திறந்துட்டாரு."

ஹோபர்ட் அவளை உற்றுப் பார்த்தார். "ஊசி போட்டுப் பழகின கை. எங்கேம்மா இருந்தே?"

"பிளெய்க்கூ. வியட்நாம்."

"அப்போ உன் பதக்கம் எங்கே?"

பெர்னிஸ் ராய்ஸைப் பார்த்தாள். கிரேடி தன் காலணியைப் பார்த்துக்கொண்டார். ஹோபர்ட் திருப்பிக் கொடுத்த, தன் பெயர் பொறித்த பதக்கம் ராய்ஸ் கையில் கனத்தது. அவளுடைய விடுவிப்புத் தாளை ஒரு பிழையில்லாமல் அடித்தவர் அவர்தான். உரித்த முட்டைகளும், "ஓ" என்று சொன்ன அந்த முகமும் நினைவுக்கு வந்தன. அன்று அவள் அவருக்காகக் கேட்கவே இல்லை.

"மேக்சின், நான்..." என்றார்.

மேக்சின் ஏப்ரனைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தாள். நிமிர்ந்து நின்றாள்.

"கேட்டு வாங்கக் கூடாதுன்னு தெரியும், ராய்ஸ். இருந்தாலும் கேக்கறேன். என்னை முன்மொழிவியா?"