கை நனைக்காத மாப்பிள்ளையும் ஓடாத வீடியோவும்

மச்சினன் ராஜவேல் வீட்டு விசேஷத்தில் கை நனைப்பதில்லை என்று கொளஞ்சியப்பன் எடுத்த சபதம், பிரியாணி அண்டாவின் மூடியைத் திறக்கும் வரை உறுதியாகத்தான் இருந்தது.

சபதத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ராஜவேல் தன் மகள் கனிஷ்காவின் காதுகுத்துக்குப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். அக்கா புருஷனுக்கு! சேத்தியாத்தோப்பிலிருந்து விருத்தாசலத்துக்குப் பஸ் ஏறி, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து அழைக்க வேண்டிய இடத்தில் ஒரு ‘டிங்’ சத்தம்.

“வரேன். ஒனக்காக வரேன். ஆனா அங்க பச்சத்தண்ணிகூட குடிக்க மாட்டேன்” என்று மனைவி திரௌபதியிடம் முழங்கினார்.

மண்டபத்தில் தூணுக்குப் பக்கத்தில் இன்னொரு தூணாக நின்றார். ஆனால் பிரியாணி வாசனைக்கு மாப்பிள்ளை முறுக்கெல்லாம் தெரியுமா? கடைசிப் பந்தியில், சொந்தபந்தமெல்லாம் கிளம்பும் பரபரப்பில் இருந்தபோது, மூலை இலையில் உட்கார்ந்து ஒரு பிடி பிடித்தார். யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, “பட்டினி” என்று முகத்தைத் தொங்கப் போட்டார். திரௌபதி கண் கலங்கி, பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் தோசை சுட்டாள். சத்தியமாக அவருக்கு இரண்டுக்கு மேல் இறங்கவில்லை. ஆனால் பட்டினி கிடந்தவன் இரண்டோடு எழுந்தால் சந்தேகம் வருமே? ஆறு தின்றார்.

அன்றிலிருந்து அவர் காட்டில் மழை. காபியில் சர்க்கரை குறைந்தால், “ஒந்தம்பி வூட்டு விசேஷத்துல பட்டினி கெடந்தவன்தான நானு.” சட்டையில் பொத்தான் போனாலும் அதே பாட்டு. திரௌபதி ஊசிநூலோடு ஓடி வருவாள். அக்கா சொல்லிக் கேட்ட ராஜவேலுக்கோ தூக்கமே போயிற்று. அக்கா வீட்டுக்காரர் வயிறு காய்ந்து போனது குடும்பத்துக்கு ஆகாது என்று, ஞாயிற்றுக்கிழமை தட்டும் வேட்டி சட்டையுமாக வந்து மன்னிப்புக் கேட்பதாகப் போன் செய்தான். “பாக்கலாம்” என்றார் கொளஞ்சியப்பன். ராஜாக்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

வெள்ளிக்கிழமை அவர், பீங்கான் கோப்பை செய்யும் செராமிக் யூனிட்டில் வேலை முடிந்து வந்தபோது திரௌபதி கையில் ஒரு பென் டிரைவ்.

“காதுகுத்து வீடியோவ தம்பி குடுத்தனுப்பிச்சிருக்குதுங்க. ஞாயித்துக்கெழம எல்லாரும் சேந்து பாப்பம். ஒண்ணு வுடாம எடுத்துருக்காங்களாம். பந்தியகூட வுடலையாம்.”

கொளஞ்சியப்பனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூலை இலையில் உட்கார்ந்திருந்தபோது முகத்தில் ஒரு வெளிச்சம் அடித்ததே! டியூப்லைட் என்று நினைத்துக்கொண்டிருந்தார். திரௌபதி பென் டிரைவை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இடி விழுந்து டிவி போனதிலிருந்து அந்த வீட்டில் எல்லாமே கம்ப்யூட்டரில்தான். யூனிட் ஆபீசில் கழித்துப் போட்ட கிழட்டு மிஷின். அதில் லினக்ஸ் போட்டு உயிர் கொடுத்தவர் கொளஞ்சியப்பன். ஆரம்பத்தில் வீடியோ போட்டால் நடுவில் கிழியும். சீரியல் மாமியாரின் தலை ஒரு பக்கம் நிற்கும், கழுத்து ஒரு பக்கம் போகும். திரையில் படத்தை ஓட்டும் ‘கிராஃபிக்ஸ் டிரைவர்’ என்ற மென்பொருளை மாற்றி மாற்றிப் போட்டு, தலையைக் கழுத்தோடு சேர்த்து வைத்தவர் அவர். சரி செய்யத் தெரிந்தவனுக்குக் கெடுக்கத் தெரியாதா?

ஒரேயடியாகக் கெடுக்கவும் கூடாது. கம்ப்யூட்டர் செத்தால் திரௌபதி புது டிவி கேட்பாள். ஆகவே அரை உயிரோடு வைக்கத் தீர்மானித்தார். சனிக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்புமுன், அவள் அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் எழுப்பாதே என்று ஒரே ஒரு வார்த்தை சேர்த்தார். விசிலடித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

சாயங்காலம் திரும்பி வந்ததும் எதிர்பார்த்த கேள்வி வந்தது.

“ஏங்க, படம் திக்கித் திக்கி ஓடுதுங்க.”

“டிரைவர் பிரச்சன.”

“நேத்து நல்லாத்தான ஓட்டுனாரு?”

“பழைய மிஷினு. அப்பப்ப படுத்துக்குவாரு.”

“அப்ப இப்ப வண்டிய யாரு ஓட்டுறா?”

“ப்ராசஸரு. ஒத்த ஆளா தள்ளிக்கிட்டுப் போறாரு.”

“பாவங்க. நீங்க எறங்கி ஒரு கை குடுக்கலாம்ல?”

“அதெல்லாம் ஒரு வாரத்து வேல. நாளைக்கி வீடியோ வேணாம். ஒந்தம்பி வந்தானா, தட்ட குடுத்தானா, போனானான்னு இருக்கட்டும்.”

“பேசாம ஒரு புது டிவி...”

“அவசரப்படாத! ஓடாமயா போச்சு? மெதுவா ஓடுது, அவ்வளவுதான்.”

“மெதுவா ஓடுனா என்னங்க, நாமளும் மெதுவா பாத்துக்குவம்” என்று திரௌபதி சிரித்தாள்.

சுட்டெடுத்த கோப்பையை விரலால் சுண்டிப் பார்த்தே மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிறவர் கொளஞ்சியப்பன். அந்தச் சிரிப்பைச் சுண்டிப் பார்க்கத் தவறிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ராஜவேலும் அவன் மனைவி பூங்கோதையும் தட்டோடு வந்து இறங்கினார்கள். கொளஞ்சியப்பன் நீலக் கட்டம் போட்ட சட்டையில், சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். ராஜவேல் தட்டை நீட்டப் போனான்.

“இரு தம்பி, நல்ல நேரம் பத்தரைக்குத்தான். அதுக்குள்ள வீடியோ பாத்துருவம்” என்று திரௌபதி பென் டிரைவைச் செருகினாள்.

சத்தம் முன்னால் போயிற்று. படம் பின்னால் நொண்டியது. கனிஷ்கா வீல் என்று அலறி முடித்த பிறகுதான் ஆசாரி ஊசியையே கையில் எடுத்தார்.

“கண்ணுக்குக் கெடுதல். நிறுத்திடுவமா?” என்றார் கொளஞ்சியப்பன்.

“பரவால்ல மாமா, நல்லாருக்குது” என்றான் ராஜவேல்.

பந்தி வந்தது. வீடியோக்காரர் அங்கே அழகுக்காக வானத்திலிருந்து நட்சத்திரங்களைக் கொட்டவிட்டிருந்தார். கிழட்டு மிஷின் அவ்வளவு நட்சத்திரத்தை எங்கே தாங்கும்? படம் அப்படியே நின்றது.

மூலை இலை. அதே நீலக் கட்டம் போட்ட சட்டை. கண்கள் சொக்கி மூடியிருக்க, ஆவென்று திறந்த வாயில் குறுக்கே ஒரு எலும்பு. தலையைச் சுற்றி நட்சத்திரங்கள்.

படம்தான் நின்றது. சத்தம் நிற்கவில்லை. “தம்பி, இந்தப் பக்கம் இன்னொரு கரண்டி. பீஸா பாத்துப் போடு” என்றது கொளஞ்சியப்பனின் குரல்.

அவர் மவுஸை இழுத்தார். நகரவில்லை. கீபோர்டைத் தட்டினார். டிரைவர் இல்லாத வண்டிக்குப் பிரேக்கும் இல்லை. பாய்ந்து போய் பிளக்கைப் பிடித்தார்.

“வேணாங்க! திடீர்னு புடுங்குனா டிஸ்க்கு போயிடும்னு நீங்கதான சொல்லுவீங்க” என்று திரௌபதி பதறினாள்.

பிளக்கைப் பிடித்த கை அப்படியே நின்றது.

“அண்ணே, பீஸு நல்லா வெந்துருந்துச்சாண்ணே?” என்று பூங்கோதை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராஜவேலுக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “மாமா! சாப்புட்டீங்களா மாமா! பழமலைநாதருக்கு அர்ச்சன பண்றன்னு வேண்டிக்கிட்டுக் கெடந்தேன். இப்பதான் எனக்கு உசுரு வந்துச்சு.”

திரௌபதி தட்டிலிருந்த வேட்டி சட்டையை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தாள். “ஒரு மாசமா தூங்காம கெடந்தவன் நீதான். இத நீயே கட்டிக்க.”

கொளஞ்சியப்பனுக்குத் தட்டில் இருந்து ஒரு வாழைப்பழம் கிடைத்தது.

அவர்கள் பஸ் ஏறப் போனபின், அவர் மெல்ல ஆரம்பித்தார். “ஒனக்கு முன்னாடியே தெரியுமா?”

“வெள்ளிக்கெழம நீங்க வரதுக்குள்ளயே முழுசும் பாத்துட்டேன்.”

“அப்ப எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா ‘நான் இல்ல’ன்னுவீங்க. வீடியோவுலயும் நீங்க கண்ண சிமிட்டுறதுக்குள்ள போயிடுறீங்க, யாரு கவனிப்பா? தம்பிகிட்ட நானே சொன்னாலோ, பொறந்த வூட்டுல புருஷன காட்டிக் குடுத்தவன்னு எனக்குத்தான் கெட்ட பேரு. என்ன பண்றதுன்னு முழிச்சிக்கிட்டு இருந்தேன். சனிக்கெழம காலையில நீங்களே உக்காந்து டிரைவர தூங்க வச்சீங்க, அடுப்படியிலருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க போனதும் வீடியோவ மறுபடி போட்டேன். நட்சத்திரம் கொட்ற எடத்துல நின்னுது. இன்னொருக்கா போட்டேன். அங்கியேதான் நின்னுது. சரி, இனிமே நம்ம வேல ஒண்ணுமில்லன்னு வுட்டுட்டேன்.”

கொளஞ்சியப்பன் வாழைப்பழத்தைப் பார்த்தார். உரிக்கத் தைரியம் வரவில்லை. “இப்ப நான் என்னதான் பண்ணணுன்ற?”

“மொதல்ல டிரைவர எழுப்புங்க, சாயங்காலம் சீரியல் இருக்குது” என்று திரௌபதி காலை நீட்டி உட்கார்ந்தாள். “அப்பறம், அன்னைக்கி அழுதுக்கிட்டே ஆறு தோச சுட்டேன்ல? மாவு ஃபிரிட்ஜுல இருக்குது.”