தூண்டிலுக்கு ஒரு தலைவர்

பொழுதுபோக்குத் தேடும் ஆண் என்றோர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஓய்வு பெற்ற மறுவாரமே, மனைவி முப்பது வருடமாக ஒரு குறையும் இல்லாமல் நடத்திவந்த குசினிக்குள் நுழைந்து, மிளகாய்த்தூள் போத்தல் ஏன் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று விசாரணை நடத்துகிறாரே ஒருவர், அவர்தான். இந்தக் குணம் முற்றுவதற்கு மூன்று மாதம் போதும்.

சிட்னியில், கிரவீனில் குடியிருக்கும் சிவபாதசுந்தரம் இந்த இனத்துக்கு நல்ல மாதிரி. பொறியியலாளராக இருந்து மார்ச்சில் ஓய்வு பெற்றார். ஏப்ரலில் குசினிப் போத்தல்கள் எல்லாவற்றுக்கும் லேபிள் ஒட்டினார். மே மாதம், மனைவி நேசமலர் தோசை சுடும்போது பக்கத்தில் நின்று, வட்டம் சரியாக வரவில்லை என்றார். நேசமலர் அடுப்பை அணைத்தார்.

“உங்களுக்கெண்டு ஒரு பொழுதுபோக்கைத் தேடுங்கோ. இல்லாட்டி நான் மெல்பேர்னுக்குப் போய் மகளோட இருக்கப்போறன். பகிடிக்குச் சொல்லேல்லை.”

மகள் நிவேதிகா இருப்பது மெல்பேர்னில், நோபல் பார்க்கில். சிவபாதசுந்தரம் உண்மையாகவே பயந்துபோனார். நேசமலர் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அப்படியொரு வீட்டில் அவர் யாரைக் குறை சொல்வது?

மறுநாளே நடக்கத் தொடங்கினார். நல்ல பழக்கந்தான், யார் இல்லை என்றது? மூன்றாம் நாள் அடுத்த தெரு யோகேஸ்வரன் சேர்ந்துகொண்டார். ஒரு வாரத்தில் ஏழு பேர். ஏழு தமிழ் ஆண்கள் சேர்ந்து ஒரே திசையில் நடந்தால் அதை நடை என்றா சொல்வார்கள்? சங்கம் என்பார்கள். வாட்ஸ்அப் குழு வந்தது, தலைவராகச் சிவபாதசுந்தரம் வந்தார், செயலாளர் வந்தார், உபசெயலாளர் வந்தார், பதவி கிடைக்காமல் முகம் சுருங்கிய ஒருவருக்காகப் போசகர் என்ற பதவி வந்தது, கடைசியில் சங்க விதிகளைச் சொல்லும் யாப்பும் வந்தது. ஓடுவது நடையில் அடங்குமா என்று யாப்பில் ஒரு சிக்கல். அதைத் தீர்க்கக் கூட்டம் வைக்க வேண்டும். நடக்கிற நேரத்தில்தானே எல்லோருக்கும் வசதி? அதனால் நடப்பதை நிறுத்திவிட்டுத் தலைவர் வீட்டில் கூடினார்கள். ஏழு பேருக்குத் தேநீரும் உளுந்துவடையும் நேசமலரின் பொறுப்பு.

கவனித்தீர்களா? குசினியை விட்டு ஒரு மனிதரை வெளியே அனுப்பினார் நேசமலர். அந்த மனிதர் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

அதன்பிறகு வீட்டுத்தோட்டம். சங்கத்தின் சின்னத்தில் இருக்க வேண்டியது கத்தரிக்காயா, முருங்கையா என்று நாலு கூட்டம் நடந்தது. அதற்குள் கன்றுகள் தண்ணீர் இல்லாமல் கருகிப்போயின. தேநீர் மட்டும் ஒருநாளும் தவறவில்லை.

மூன்றாவதாக வந்தது மீன்பிடி. இந்தமுறை ஆரம்பவிழா ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில். ஏழு பேரிடமும் புதுத்தூண்டில். ஆனால் மங்கல விளக்கு ஏற்றாமல் தூண்டில் போடலாமா? காற்று ஐந்துதரம் விளக்கை அணைத்தது. ஐந்துதரமும் போசகர் ஏற்றினார், ஐந்துதரமும் எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை. தேநீர் ஊற்றிக்கொடுப்பதற்காகக் கூட்டிவரப்பட்ட நேசமலர், சிறப்புரை சங்க காலத்தைத் தாண்டுவதாகத் தெரியாததால், கணவரின் தூண்டிலை எடுத்துக்கொண்டு போய் ஒரு கல்லில் உட்கார்ந்தார். நன்றியுரை முடியும்போது அவர் காலடி வாளியில் ஒரு நல்ல மீன் கிடந்தது.

சங்கத்தின் முதல் மீன். நிர்வாகக்குழு அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தது. படம் எடுத்தவர் நேசமலர்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் நேசமலர் தனியாகவே ரயிலேறி ஆற்றங்கரைக்குப் போனார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு தெளிவு. தனக்குக் கிடைக்காத ஏதோ ஒன்று அவருக்குக் கிடைத்துவிட்டது என்று சிவபாதசுந்தரத்துக்குப் பொறாமையாக இருந்தது. தானும் வரட்டுமா என்று கேட்டார்.

“வாங்கோ. ஆனால் கதைக்கக் கூடாது.”

போனார். நாற்பது நிமிடம் வாயே திறக்கவில்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், கலியாணமான நாளிலிருந்து அவர்கள் இத்தனை சந்தோஷமாக இருந்ததில்லை. நாற்பத்தோராவது நிமிடம் சிவபாதசுந்தரம் தொண்டையைச் செருமினார்.

“நேசம், மகளிர் அணி ஒண்டு தொடங்கினால் என்ன? நீர்தான் தலைவி.”

நேசமலர் தூண்டிலைச் சுற்றி எடுத்தார். செவ்வாய்க்கிழமை தூண்டிலோடு மெல்பேர்ன் போய்ச் சேர்ந்தார். கடற்கரைப் பாலமொன்றில் அம்மா தனியாக நின்று தூண்டில் போடும் படத்தை நிவேதிகா அனுப்பினாள். படத்தில் நேசமலர் சிரித்துக்கொண்டிருந்தார்.

தலைவரின் நிலை குறித்து ஆராயச் சங்கம் அவசரக்கூட்டம் கூடியது. ஆறு பேரும் வழக்கமான கதிரைகளில் உட்கார்ந்து குசினிப் பக்கம் பார்த்தார்கள். சிவபாதசுந்தரம் எழுந்துபோனார். ‘தேயிலை’ என்று தன் கையாலேயே லேபிள் ஒட்டிய போத்தலைத் திறந்தார். உள்ளே கடுகு இருந்தது. அடுத்த போத்தலில் வெந்தயம். எதற்குள் எது என்று நேசமலருக்குத் தெரியும். அவரிடம் கேட்காமல், திறந்தும் பார்க்காமல்தான் சிவபாதசுந்தரம் லேபிள் ஒட்டினார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. இதை நாலு நண்பர்களுக்கு அனுப்பி, “ஒருநாள் எங்கட வீட்டில கூடி இதைப் பற்றிக் கதைப்பம்” என்று எழுத வேண்டும்போல் இருக்கிறதா? தாராளமாகக் கூடுங்கள். அதற்கு முன்னால், உங்கள் வீட்டில் தேயிலை எந்தப் போத்தலில் இருக்கிறது என்று மட்டும், யாரையும் கேட்காமல், சொல்லுங்கள் பார்ப்போம்.