யோசப்பினின் கூடைப்பந்தும் என் கால் பெருவிரலும்

குருநகர்
08.05.1985

சேசு, மரி, சூசை காவல்.

அன்பும் மதிப்பும் நிறைந்த மச்சான் பிலிப்பு அவர்களுக்கு, யாகப்பு எழுதிக்கொள்வது. நீர்கொழும்பில் நீங்களும் குடும்பத்தாரும் சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுத ஆசைதான்; ஆனால் என் வலது கால் பெருவிரல் சுகமில்லை. அதை மிதித்தது உங்கள் தங்கை யோசப்பின்.

கன்னியர் மடத்துக்குப் புதிதாக வந்த சிஸ்டர் ஒருவர் எங்கள் கோயில் பங்குப் பெண்களைச் சேர்த்துக் கூடைப்பந்து பழக்குகிறார். திருநாளுக்கு அச்சுவேலிப் பெண்களுடன் போட்டியாம். நாலு பிள்ளை பெற்ற யோசப்பினும் அதில் சேர்ந்துவிட்டாள். கேட்டால், "பிலிப்பு அண்ணை பள்ளிக்கூட ரீமிலை விளையாடினவர். அது எங்கடை ரத்தத்திலை இருக்கு" என்கிறாள். ஆகவே இந்தக் குற்றத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.

முதலில் பழகியது செற் ஷொட். நின்ற இடத்திலேயே முழங்காலை மடக்கி, மணிக்கட்டைச் சொடுக்கி எறிவது. வீட்டில் பந்து இல்லாததால் தேங்காய் உரித்த பொச்சுமட்டையை எறிந்தாள். வளையம் இல்லாததால் பனையோலைக் கடகத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நிற்க வேண்டும். மீன்பிடிக்கக் கடலுக்குப் போகத் தடை வந்தபிறகு, வேலையில்லாத மனிதன் வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் குறுக்கேதான் இருக்கிறான், மச்சான். அதனால் பிடித்தேன். பொச்சு கடகத்தில் விழுந்ததைவிட என் நெற்றியில் விழுந்ததே அதிகம். அங்கே மடத்து மைதானத்து வளையத்தில் கட்டுவதற்கென்று என் நல்ல வலையில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு போனதையும் நீங்கள் அறிய வேண்டும். பிறகு லே அப். ஓடிவந்து, இரண்டு எட்டு வைத்து, எழும்பிப் போடுவது. என்னை மறிக்கச் சொன்னாள். முதல் எட்டு நிலத்தில், அடுத்த எட்டு என் பெருவிரலில். ஹூக் ஷொட் இன்னும் மோசம். பக்கவாட்டில் நின்று, கையை வளைத்துத் தலைக்கு மேலால் விடுவதாம். சட்டி துடைத்த ஈரத்துணியை அப்படி விட்டாள். அது வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மா அக்காவின் தோளில் விழுந்தது. அவரும் அதே ரீம்தான். "கை நல்லா வளையுது யோசப்பின்" என்று பாராட்டித் திருப்பி எறிந்தார்.

பொறுக்க முடியாமல் சிஸ்டரிடம் போனேன். "சிஸ்டர், வீட்டிலை நேரத்துக்குச் சோறு இல்லை. என்ரை மனிசியை விட்டுவிடுங்கோ" என்றேன். அவர் பந்தை என் கையில் தந்து, "ஒருக்கா எறிஞ்சுபோட்டுக் கதையுங்கோ யாகப்பு" என்றார். எறிந்தேன். பந்து பலகைக்கு மேலால் போய் மடத்துக் கிணற்றுக்குள் விழுந்தது. பெண்கள் சிரித்த சிரிப்பு இறங்குதுறைவரை கேட்டிருக்கும். கிணற்றில் இறங்கி அதை எடுத்ததும் நான்தான்.

திருநாளன்று போட்டியைப் பார்ப்பதில்லை என்று வீட்டில் இருந்தேன். சத்தம் இருக்கவிடவில்லை, போனேன். கடைசி நேரம், இரண்டு பக்கமும் சமன். யோசப்பினைத் தள்ளி விழுத்தியதற்காக ஃபிறீ த்றோ, அதாவது யாரும் மறிக்காமல் நின்று எறிகிற எறி, கொடுத்தார்கள். அவள் பந்தோடு மரக்கட்டை போல விறைத்து நின்றாள். என்னை அறியாமல், "முழங்காலை மடக்கடி" என்று கத்திவிட்டேன். நடுவர் என்னை வெளியே போகச் சொன்னார். வாசல் படலையடியில் நின்று திரும்பிப் பார்த்தேன். மடக்கினாள். பந்து வளையத்துக்குள் விழுந்தது, வென்றார்கள்.

அன்றிலிருந்து நான் யாகப்பு இல்லை, மச்சான். சந்தையில் மீன் வெட்டுகிறவன்கூட, "யோசப்பின்ரை மனுசன் வாறார், வழி விடுங்கோ" என்கிறான். இத்தனை காலம் கடலில் சம்பாதித்த பெயர் ஒரு பந்தோடு போய்விட்டது. இனி அவள் மைதானத்தை மிதிக்கக்கூடாது என்று மூத்தவரான நீங்கள் கடுமையாகக் கண்டித்து எழுத வேண்டும். என் சொல் இந்த வீட்டில் எடுபடுவதில்லை.

உங்கள் வீட்டார் எல்லோருக்கும் எங்கள் அன்பு. சிறியவர்களுக்கு என் முத்தங்கள். அந்தோனியார் உங்கள் வாசலில் காவல் நிற்பாராக.

காலில் கட்டுடன்,
யாகப்பு

பி.கு.: கண்டித்து எழுத வேண்டாம். திங்கட்கிழமை முதல் சிஸ்டர் ஆண்களுக்கும் பழக்குகிறார். கரையில் சும்மா நின்றவர்கள் எல்லோரும் சேர்ந்துவிட்டோம். முதல் போட்டி பெண்களுடன். என்னை மறிக்கப்போவது யோசப்பின். ஆகவே இடது கையால் லே அப் போடும்போது எந்தக் காலில் எழும்புவது என்று விபரமாக எழுதவும். வீட்டு விலாசத்துக்கு வேண்டாம், கடிதங்களை அவள்தான் உடைக்கிறாள். கோயில் விலாசத்துக்கு எழுதவும்.