கடப்பாரைக்கு எழுதிய குறிப்பு

நல்லா இருந்த ஒரு மனிதரை ஒரே சொல்லில் சாகடித்தவன் நான். யாரும் வழக்குப் போடவில்லை. போட்டிருந்தால் இவ்வளவு உறுத்தாதோ என்று சில நாள் தோன்றும்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. விழுப்புரத்தில் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் ஒப்பந்த வேலை. ஊர் ஊராகப் போய்ப் பொருள்களைத் திரட்ட வேண்டும்; ஒவ்வொன்றின் கீழும் வைக்கும் குறிப்பு அட்டையை எழுத வேண்டும். வரலாற்றில் தங்கப் பதக்கம் வாங்கியிருந்தேன். (யாரும் கேட்காமலே இதைச் சொல்லிவிடும் வியாதி அப்போதே உண்டு.)

திண்டிவனத்தில் சூசையம்மாள் என்பவர் தன் கணவரின் கடப்பாரையைக் கொடுத்தார். வல்லம், முகையூர் பக்கமெல்லாம் கிணறு வெட்டித் தேய்ந்து, பாதி நீளம்தான் மிச்சமிருந்தது.

“அவரு இருந்தப்ப இத ஒரு நாளும் கீழ வெச்சதில்ல சார். அவரு போனப்புறம் சும்மாதான் கெடக்குது” என்றார்.

இன்னும் நிறையச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே போட்டோ எடுத்தேன். கணவரின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. திரும்பி வந்து எழுதினேன்:

‘மறைந்த தொழிலாளி ஒருவரின் கடப்பாரை. மண்ணோடு பொருதி மண்ணுக்கே தன்னை ஈந்த பெயரறியா உழைப்பின் மௌன சாட்சி.’

எழுதிவிட்டு நானே இரண்டு முறை படித்து மெய்சிலிர்த்தேன்.

திறப்பு விழாவுக்குச் சூசையம்மாள் உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேரோடு வந்தார். கூடவே, மடிப்புக் கலையாத புதுச் சட்டையில் ஒரு பெரியவர்.

“இவருதான் சார் எங்க வூட்டுக்காரரு, அந்தோணி. ஸ்ரீபெரும்புதூர் குடோன்ல வாட்ச்மேன் வேலைக்குப் போய்ட்டாரில்ல, இதுக்குன்னே லீவு போட்டுக்கினு வந்துருக்காரு.”

என் கண் அட்டையின் முதல் சொல்லுக்குப் போனது. அந்தோணி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தன் கடப்பாரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எனக்குப் படிக்கத் தெரியாது சார். நீங்களே படிங்க, எல்லாரும் கேக்கட்டும்.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். தொண்டையைச் செருமிக்கொண்டு, அட்டையைப் பார்த்தபடியே புளுக ஆரம்பித்தேன். “இது திரு. அந்தோணி அவர்களின் கடப்பாரை. வல்லத்திலும் முகையூரிலும் பல கிணறுகள் வெட்டியவர்...” சரக்குத் தீர்ந்ததும், “பாறை வந்தா என்ன பண்ணுவீங்க?” என்று அவரிடமே கேட்டேன். (குறிப்பைப் படிப்பவன் நடுவில் சந்தேகம் கேட்பது உலகத்திலேயே அதுதான் முதல் முறையாக இருக்கும்.) அவர் பதில் சொன்னார். அதையும் சேர்த்துப் படித்தேன்.

அந்தோணி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இன்னொரு வாட்டி படிங்க சார். எங்க அக்கா இப்பத்தான் உள்ள வருது.”

இரண்டாவது முறை முகையூர்க் கிணறுகள் மேல்சித்தாமூருக்கு நகர்ந்துவிட்டன. அதற்குள் சூசையம்மாள் கண்ணாடிமேல் விரலை வைத்திருந்தார். அவர் முதியோர் கல்வி வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவர் என்பது எனக்குத் தெரியாது.

“ம... றை... ந்த...”

“அப்ப நான் செத்துட்டேனா சார்?” என்றார் அந்தோணி. கோபமே இல்லை. விவரம் கேட்பது போலத்தான் கேட்டார்.

“அச்சுப் பிழைங்க” என்றேன். அன்று நான் சொன்ன பொய்களிலேயே இன்றும் என்னைக் கூசவைப்பது இதுதான்.

அவர் வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். சூசையம்மாள் என் பக்கம் திரும்பினார்.

“நீங்க வாயால படிச்சது நல்லாத்தான் இருந்துச்சு. அதையே எழுதியிருக்கலாமே சார்?”

மறுவாரம் நோட்டோடு திண்டிவனம் போய், ஒரு பகல் முழுக்க சூசையம்மாளிடம் கேட்டுக் கேட்டு, பெயர் போட்டுப் புது அட்டை வைத்தேன். பிறகு குடோன் வாசலுக்கே போய் அந்தோணியை அழைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

“வேணாம் சார். அத்தினி பேரு எதிர்ல அழுதுட்டேன். மறுபடி அங்க வர கூச்சமா இருக்குது.”

இன்றுவரை அவர் வரவில்லை.

கல்யாணமான புதிதில் இதை என் மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். இப்போது மகளின் பள்ளிச் சுற்றறிக்கையோ டாக்டர் சீட்டோ, எதை நான் உரக்கப் படித்தாலும் அடுக்களையிலிருந்து குரல் வரும்: “எழுதியிருக்கறத மட்டும் படிங்க!” மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரித்துவிட்டு, முதலிலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் படிப்பேன்.